ஏறாவூரின் பழைய வீடுகள் யாருடையவை?

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழமை. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் தாங்கள் இருந்த வீட்டையே மூத்த மகளுக்கு எழுதிவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் சிறியதொரு வீட்டுக்கு ஒதுங்கி, அடுத்த மகளுக்காக மறுபடியும் அத்திவாரம் வெட்டுவார்கள். ஏறாவூரில் பாழடைந்து நிற்கும் பழைய வீடொன்றைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கட்டடம் தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் போய், எங்கோ ஒரு தலைமுறையில் அறுந்துபோன உரிமையின் அடையாளம். அறுந்த இடத்தில் இருக்கும் பெண்களையும், மதிலுக்கு அந்தப் பக்கம் வாழும் அயலவரையும் விட்டுவிட்டு, அரசு அறிவிப்பாலோ வெளிப் பணத்தாலோ அந்த வீட்டைக் காப்பாற்ற முடியாது. கிழக்கின் கடந்த நூற்றைம்பது ஆண்டுச் சட்டமும் போரும் அதைத்தான் காட்டுகின்றன.

ஏறாவூர் மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், ஒருபுறம் வாவியும் மறுபுறம் புன்னைக்குடாக் கடலுமாக அமைந்த ஊர். அதன் தொடக்கத்தைப் பற்றி வாய்வழியாக வந்த கதையை மட்டக்களப்பார் எல்லோரும் அறிவர். முக்குவர், திமிலர் என்ற இரு சமூகத்தாருக்கு இடையே நடந்த சண்டையில் முக்குவருக்குத் துணை நின்ற முஸ்லிம்கள், வடக்கே விரட்டப்பட்ட திமிலர் திரும்பி வராதபடி எல்லையில் குடியமர்த்தப்பட்டார்கள், முக்குவப் பெண்களை மணந்தார்கள் என்பது அந்தக் கதை. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் முக்குவர், திமிலர் போரைச் சொல்கிறது. கதையின் ஒவ்வொரு விவரத்தையும் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது விளக்க முயலும் சமூக உண்மை இன்றும் கண்முன்னே இருக்கிறது. தமிழர், முஸ்லிம் ஆகிய இரண்டு சமூகங்களிலும் குடி முறை உண்டு. இரண்டிலும் குடி தாய்வழியே வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கோயிலில் குடிகளுக்கு உரிமை இருப்பதுபோலப் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்கொரு மரைக்கார் என்ற வழமை இருந்தது. இந்த முறை இப்போது தளர்ந்துவிட்டது என்றாலும் வயதானவர்கள் தங்கள் குடியை மறக்கவில்லை. ஒரு பழைய வீட்டின் வரலாற்றை ஆண் வழியில் தேடினால் இரண்டு தலைமுறையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். தாய் வழியில் கேட்டால் வளவின் எல்லை, கிணற்றில் யாருக்குப் பங்கு, எந்த அறை எந்தக் கலியாணத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்பதுவரை சொல்ல ஆள் இருப்பார்.

சட்டம் இந்த வழமையை ஒருபோதும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. கிறிஸ்டோபர் பிரிட்டோ முக்குவர் சட்டத்தைத் தொகுத்து 1876இல் வெளியிட்டார். முதுசச் சொத்து ஒருவருடைய சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போவது அந்தச் சட்டத்தின் அடிப்படை. அதே 1876இல் வந்த திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மட்டக்களப்புத் தமிழரின் தாய்வழி உரிமையை நீதிமன்றத்திலிருந்து அகற்றிவிட்டது. முஸ்லிம்களை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அவர்களுடைய மரணசாசனமற்ற வழியுரிமைக்கு 1931இன் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. அது இஸ்லாமியப் பங்கீட்டைப் பின்பற்றுவதால் மகனுக்கு மகளைவிடக் கூடுதலான பங்கு. ஆனாலும் இரண்டு சமூகங்களும் வீட்டைப் பெண்ணிடமே வைத்துக்கொண்டன. வழி எளிமையானது. இறப்புக்குப் பிறகு பங்கு பிரிவதற்கு முன்பே, கலியாணத்தின்போதே, நொத்தாரிசிடம் போய் மகள் பெயரில் உறுதி முடித்துவிடுவது. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, பழைய தாய்வழி உரிமை சீதனத்துக்குள் புகுந்து தொடர்ந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். அவரும் ஆய்வாளர் பற்றீசியா லோறன்ஸும் பிறகு கவனித்த இன்னொன்றும் முக்கியமானது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளைக் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்குப் பதிந்து கொடுத்தார்கள். பெண்ணின் காணியில் பெண்ணின் வீடு போய், அவளுடைய கணவனின் வீடு வந்தது. உதவி செய்ய வந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஊரின் வழமை தெரியாமல் செய்யும் நல்ல காரியமும் எவ்வளவு தூரம் சேதம் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிழக்கில் இல்லை. பழைய வீடுகளைப் பேண வருகிறவர்களும் இதே பிழையைச் செய்யக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடுகள் எப்படிப் பாழாயின? சில மெதுவாகப் பாழாயின. மூன்று மகள்மாருக்கு வளவைப் பிரித்தபோது நடுவில் இருந்த தாய்வீடு யாருக்கும் முழுதாகக் கிடைக்காமல் நின்றது. மகள் இல்லாத வீடு மகன்களின் பங்குத் தகராறில் பூட்டப்பட்டது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பெருந்தொகையான கூரைகளைக் கொண்டுபோனது. கைமரமும் ஓடும் திரும்ப வாங்க வசதியில்லாதவர்கள் தகரத்தாலோ சீற்றாலோ மூடினார்கள். மூடாத வீட்டில் மழை உள்ளே இறங்கியது. எல்லாவற்றையும்விடப் பெரிய முறிவு 1990இல் வந்தது. அந்த ஆகஸ்ட் 11, 12ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில் ஏறாவூரிலும் அதன் ஓரக் கிராமங்களிலும் முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளுமாக, விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். எல்லையில் இருந்த குடும்பங்கள் ஊரின் நடுப்பகுதிக்கு ஓடிவந்தன. அதே ஆண்டில் சுற்றுவட்டாரத் தமிழரும் கொலைக்கும் இடப்பெயர்வுக்கும் ஆளானார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலை அதில் ஒன்று. ஊரின் இரண்டு பக்கத்திலும் வீடுகள் பூட்டப்பட்டன. பூட்டியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வரவே இல்லை. ஆகவே இங்கே ஒரு பாழ்வீடு, பராமரிப்பில் அசட்டையாக இருந்த ஒரு குடும்பத்தின் குற்றமாக மட்டும் பார்க்கப்படக் கூடாது.

இனி, காப்பாற்றுவதற்குச் சொல்லப்படும் வழிகளைப் பார்க்கலாம். முதலாவது வழி அரசு. 1940இன் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. அதற்குப் பிற்பட்டதை வேண்டுமானால் வர்த்தமானி அறிவித்தல் மூலம் சேர்க்கலாம். கண்டி இராச்சியத்தின் முடிவைக் குறிக்கும் அந்தத் திகதி கோட்டைக்கும் விகாரைக்கும் பொருந்தும். 1628இல் போர்த்துக்கீசர் கட்டத் தொடங்கி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டை அந்த எல்லைக்குள் சுலபமாக வந்துவிடும். ஏறாவூரின் வீடு வராது. நெற்காணியும் மாடும் வியாபாரமும் வளர்ந்து, செங்கல்லும் சுண்ணாம்பும் முதிரை மரமும் வாங்கிக் கட்டும் வசதி வந்த காலம், அதிலும் 1928இல் ரயில் பாதை மட்டக்களப்பை எட்டியதற்குப் பிற்பட்ட காலம், அந்தத் திகதிக்கு வெகு பிந்தியது. சட்ட எல்லையைவிடப் பெரிய தடை இன்னொன்று. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இல்லை. இதன் விளைவு நேரடியானது. தொல்பொருள் என்ற சொல் கேட்டாலே காணி போய்விடும் என்ற பயம் கிழக்கில் வேரூன்றிவிட்டது. இந்தப் பயம் சரியா பிழையா என்று ஒவ்வொரு காணியாக விவாதிக்கலாம்; ஆனால் இது இருக்கும்வரை தன் பாட்டியின் வீட்டுக்கு முன்னால் தொல்பொருள் திணைக்களத்தின் பலகை நடப்படுவதை எந்தப் பெண்ணும் விரும்பமாட்டாள். பலகை வருவதற்கு முதல்நாள் இரவே வீட்டை இடித்துவிடுவதுதான் புத்தி என்று அவளுக்குத் தோன்றினால் அவளைக் குறை சொல்ல முடியாது. மற்ற இடங்களில் மக்கள் முன்னின்று நடத்தும் மரபுப் பேணல் பல வழிகளில் ஒன்றாக இருக்கலாம். கிழக்கில் அது ஒன்றுதான் வழி.

இரண்டாவது வழி சந்தை. பழைய வீட்டுக்கு விலை வந்துவிட்டால் அதைக் காசு காப்பாற்றும் என்பார்கள். செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாக எழுந்த அந்த நகரத்தார் வீடுகள் 1942க்குப் பிறகு, பர்மா வருமானம் கைநழுவியதும், பங்காளிகள் பெருகப் பெருகப் பூட்டப்பட்டன. அவற்றுக்கு விலை இல்லாமல் இல்லை. நல்ல விலை இருந்தது. வீட்டைவிட அதன் தூணுக்கும் கதவுக்கும் விலை அதிகமாக இருந்தது. எனவே தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. சுவர் நின்ற இடம் மனையானது. 2014இல் செட்டிநாட்டு ஊர்க் கூட்டங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த பிறகும் இடிப்பு ஓயவில்லை. காலிக் கோட்டையில் சந்தை எதிர்ப்பக்கமாக வேலை செய்தது. 1988இல் உலக மரபுச் சின்னமான பிறகு, பின்னாளில் வீட்டு விலை ஏறியபோது, வீடுகள் அழகாகப் பழுதுபார்க்கப்பட்டன. பரம்பரையாக அங்கே இருந்த குடும்பங்கள் பலவும், முஸ்லிம்கள் உட்பட, விற்றுவிட்டு வெளியே போயின. செட்டிநாட்டில் ஊர் இருக்க வீடு போனது, காலியில் வீடு இருக்க ஊர் போனது. ஏறாவூருக்கு இரண்டும் வேண்டாம். இன்னொரு வேறுபாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். செட்டிநாட்டு வீடு ஆண்வழிப் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாக இறங்குவதால் ஓர் ஆணி அடிக்கவும் ஐம்பது பேரின் சம்மதம் தேவைப்படும் நிலை வருகிறது. கிழக்கின் சீதன வீடு ஒரு மகளின் பெயரில் இருக்கிறது. இடிக்க அவள் ஒருத்தி போதும். காப்பாற்றவும் அவள் ஒருத்தி போதும். ஏறாவூருக்குச் சாதகமான பெரிய விஷயம் இதுதான்.

மூன்றாவது வழி ஊர் மக்களே முன்னின்று பேணுவது. அதற்குச் சான்று ஏறாவூருக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் காத்தான்குடியில் நிற்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையின்போது இரண்டு பள்ளிவாசல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவற்றில் ஒன்றான மீரா ஜும்ஆப் பள்ளியின் சுவரில் பதிந்த துப்பாக்கிச் சன்னங்களின் துளைகளை ஊர் இன்னும் மூடவில்லை. பள்ளிவாசலுக்குப் புதுச் சாந்து பூசும் வசதி இல்லாமல் அப்படி விடவில்லை. விட வேண்டும் என்று தீர்மானித்து விட்டார்கள். தொல்பொருள் திணைக்களம் சொல்லவில்லை, யுனெஸ்கோ பணம் தரவில்லை. தொழுகை நடக்கும் இடமாகவும் நினைவிடமாகவும் ஒரே சுவரை வைத்துக்கொள்ள ஒரு ஊருக்குத் தெரிந்திருக்கிறது. இதைவிடச் சிறந்த மரபுப் பேணலை நான் வேறு எங்கும் தேட மாட்டேன். அதே ஊரில் 2015இல் திறக்கப்பட்ட நூதனசாலை கிழக்கு முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைக் காட்டுகிறது. பொம்மையாகவும் பொருளாகவும் காட்ட முடிந்ததைக் குடியிருக்கும் வீடாகவும் வைத்திருக்க முடியும் என்பதற்குப் புதுச்சேரி சான்று. அங்கே வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த தமிழ் வீடுகளின் முகப்புகளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இன்டாக் அமைப்பு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து மீட்டது. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் ஏற்றார்கள்.  2008இல் யுனெஸ்கோவின் ஆசிய, பசிபிக் மரபுப் பேணல் விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. உரிமையாளர் கையை விட்டு வீடு போகாமல் இருந்ததே அந்த வெற்றிக்கு அடிப்படை.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் ஒன்றையும் தட்டிவிட முடியாது. முதலாவது, மகளுக்கு வீடு வேண்டும். கிழக்கில் ஏராளமான பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகப் போய் உழைப்பதே தமக்கோ தம் மகளுக்கோ ஒரு வீட்டைக் கட்டத்தான். ஏறாவூரில் காணி நெருக்கம். பழைய வீடு நிற்கும் இடம்தான் புது வீட்டுக்கான இடம். இடிக்காதே என்று அப்படியொரு பெண்ணிடம் சொல்பவர், அவள் மகளின் கலியாணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார். சீதனமே பெண்ணைப் பெற்றவர்களை நெரிக்கும் வழமை, அதை ஏன் மரபென்று போற்ற வேண்டும் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. மாப்பிள்ளை கேட்கும் காசும் நகையும் அநியாயம். அதை ஊர் விட்டொழிக்கட்டும். ஆனால் மனைவியின் பெயரில் ஒரு கூரை இருப்பது வேறு விஷயம். கணவன் கைவிட்டால் தெருவில் நிற்காமல் அவளைக் காத்தது அந்த உறுதிதான். இடத்தைப் பொறுத்தவரை, முழு வீட்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முன் விறாந்தையையும் நடு மண்டபத்தையும் வைத்துக்கொண்டு, குசினியையும் அறைகளையும் பின்னால் புதிதாகச் சேர்க்கலாம். இந்த வீடுகள் ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஓர் அறை என்று அப்படித்தானே வளர்ந்தன. இடிக்க வேண்டிய வீடும் இருக்கும். அதை இடிக்கத்தான் வேண்டும்.

செலவு என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை, பாதி பழக்கம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் வாவிக்கரை மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாக வெளியேறிவிடும். கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்து உதிரத் தொடங்கியதும் மேசன் வழக்கமாகச் செய்வது சீமெந்து பூசுவது. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உப்பும் ஈரமும் சுவருக்குள் ஏறி, பூசிய உயரத்துக்கு மேலே புதிதாக உதிரும். அங்கேயும் சீமெந்து பூசுவார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் செங்கல்லே மாவாகிவிடும். பழுதுபார்ப்பதே வீட்டைக் கொல்லும் இந்தச் சுற்றை நிறுத்துவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. சீமெந்தைச் செதுக்கி எடுத்து மறுபடியும் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கை தேவை. அந்தக் கை அருகிவிட்டது. முன்னர் கிழக்குக் கரையோரத்தில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்; கடலரிப்பைத் தடுக்க முருகைக்கல் அகழ்வு தடைசெய்யப்பட்டது, அது சரியான தடை. வேறிடத்துச் சுண்ணாம்புக்கல்லில் எடுத்ததை வாங்கி வேலை செய்யலாம். கூரைதான் முதல் வேலை. ஓடு ஒழுகாத வீடு ஐம்பது வருடம் பூட்டிக் கிடந்தாலும் நிற்கும். ஒழுகும் வீடு ஐந்து மாரியில் விழும். முதிரையும் பாலையும் கறையானுக்கு எளிதில் தோற்காத மரங்கள். ஓடாவிமார் இன்னும் இருக்கும்போதே அவர்களிடம் இளையவர்களை அனுப்புவது நகர சபை செய்யக்கூடிய சின்ன வேலை.

ஊர் மக்கள் என்றால் யார் என்பது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. பள்ளிவாசல் நிர்வாகம் ஊரை ஒன்றாகக் கூட்ட வல்லது. 1956இன் 51ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஒரு வீட்டை வக்ஃபாகப் பொதுநன்மைக்குக் கொடுக்கவும் முடியும். வாசிகசாலையாகவோ குர்ஆன் மதரசாவாகவோ பெண்களின் தையல் கூடமாகவோ ஒரு வீடு வாழ அது நல்ல வழி, ஏனென்றால் அது வெளியிலிருந்து கொண்டுவந்த ஏற்பாடு அல்ல. ஆனால் நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்ணின் சொத்தைப் பற்றி ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுத்தால் சுனாமி வீட்டுப் பதிவில் நடந்ததுதான் திரும்ப நடக்கும். வக்ஃபாகிய சொத்தைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே உறுதியில் பெயர் உள்ள பெண்ணும் அவளுக்குப் பிறகு உரிமை வரும் மகள்மாரும் நேரில் சம்மதிக்காமல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இன்னொரு எல்லையும் வேண்டும். பேணுகிறோம் என்ற பெயரில் இல்லாதவரின் வீட்டைக் கைப்பற்றக் கூடாது. இலங்கைச் சட்டத்தில் பத்து வருட எதிரிடை அனுபவம் உரிமையாகிவிடும். போரால் ஓடியவர்கள் இதனால் காணி இழந்ததை உணர்ந்துதான் 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வழக்காட வழி திறந்தது. முஸ்லிம் ஊரின் ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் தமிழர் வீட்டுக்கும், தமிழ் ஊரின் ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் ஒரே நீதிதான். உரியவரைத் தேடிக் கேட்ட பிறகே கூரையில் ஓடு மாற்ற வேண்டும். அப்படித் தேடுவது பழைய காயத்தைக் கிளறும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. ஏறாவூர் ஒவ்வொரு ஆகஸ்டிலும் 1990இல் கொல்லப்பட்ட ஷுஹதாக்களை நினைவுகூர்கிறது. மறந்துவிட்ட காயம் அல்ல அது. அயலவர் ஒருவர் திரும்பி வந்து தன் வளவைப் பார்த்துவிட்டுப் போக முடிகிற ஊரில்தான் அந்த நினைவும் பாதுகாப்பாக இருக்கும்.

கடைசியாக ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று எஞ்சி நிற்பவை வசதி படைத்த போடியார், வியாபாரிகளின் கல்வீடுகள். களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக வாழ்ந்த பெரும்பான்மையோரின் வீடு ஒன்றும் எஞ்சவில்லை, எஞ்சக்கூடியதும் அல்ல. கல்வீட்டை மட்டும் காப்பாற்றினால் ஊரின் நினைவில் பணக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஆகவே கட்டடத்தைப் பேணும் வேலையோடு, அதற்குச் சமமாக, எழுதி வைக்கும் வேலையும் நடக்க வேண்டும். ஏறாவூரின் பாடசாலைகளிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளிடம் இதைக் கேட்கிறேன். உங்கள் உம்மும்மாவிடம் அவர் பிறந்த வீடு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். களிமண் வீடானாலும் அதன் தரைப்படத்தை அவர் சொல்லச் சொல்ல வரையுங்கள். வளவில் பழைய வீடு நின்றால், இடிக்கப்போவதானாலும் சரி, அளந்து, படம் பிடித்து, சீதன உறுதியின் பிரதி ஒன்றை எடுத்து, நகர சபை நூலகத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டு, அதன் பிறகு இடியுங்கள். ஓடு மட்டும் ஒழுகுகிறதென்றால் அடுத்த மாரி தொடங்குவதற்கு முன்னர், ஐப்பசிக்குள், அதை மாற்றிவிடுங்கள்.